எக்ஸ்எஸ்எல்டில வேரியபிளும் லூப்பும்: எந்த வரிசைல பண்ணா சிக்காம வெளிய வரலாம்

டீமுக்கு புதுசா வந்தவங்களுக்கு எக்ஸ்எஸ்எல்டியை, அதாவது எக்ஸ்எம்எல் டேட்டாவை வேற வடிவத்துக்கு மாத்தற மொழியை, சொல்லிக்குடுக்கும்போது ஒண்ணு கவனிச்சேன், ஸின்டாக்ஸ்ல யாரும் ரொம்ப நேரம் மாட்டறதில்ல, எல்லாரும் நிக்கறது ஒரே எடத்துலதான். லூப்புக்கு வெளிய மொத்தம் பூஜ்யம்னு ஒரு வேரியபிள் வச்சுட்டு, உள்ள சுத்தும்போது ஒவ்வொண்ணா அதுல கூட்டிக்கிட்டே போயிடலாம்னு பாக்கறாங்க. ஜாவா, பைதான்ல பழகின கை அப்படித்தான் போகும். இங்க வேரியபிளுக்கு ஒரு தடவை மதிப்பு குடுத்தா அதோட சரி, மாத்தவே முடியாது. அதனால கீழ இருக்கற வரிசைலயே போங்க, குறிப்பா லூப்பை முதல்ல ஓட விட்டுட்டு அப்புறம் வேரியபிளுக்கு வாங்க.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். கமாண்ட் பேரு, ஃபங்ஷன் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கு, ஸ்டைல்ஷீட்ல (நாம எழுதற எக்ஸ்எஸ்எல்டி ஃபைல்) அதே சொல்லை இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிக்கணும், கமாண்டா இருந்தா முன்னாடி எக்ஸ்எஸ்எல் ப்ரிஃபிக்ஸும் கோலனும் சேர்த்து. ஆனா டேட்டாவோட டேக் பேரு, வேரியபிள் பேரு ரெண்டையும் நிஜமாவே தமிழ்ல வைக்கலாம், எக்ஸ்எம்எல் அதை முழுசா ஒத்துக்கும்.

1. முதல்ல வெர்ஷனை முடிவு பண்ணுங்க

1.0 வந்தது 1999, 2.0 வந்தது 2007, 3.0 வந்தது 2017. மூணும் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு, அதுதான் குழப்பமே. நெட்ல கிடைக்கற ஒரு பதில் 2.0-க்கு எழுதினதா இருக்கும், உங்க மெஷின்ல இருக்கற ப்ராசசர் (ஸ்டைல்ஷீட்டை ஓட்டற ப்ரோக்ராம்) 1.0 மட்டும் தெரிஞ்சதா இருக்கும், அப்புறம் எரர் வந்தா நாம ஏதோ தப்பா டைப் பண்ணிட்டோம்னு ஒரு மணி நேரம் தேடிக்கிட்டு இருப்போம்.

எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ங்கற கமாண்ட் லைன் ப்ராசசர் வச்சிருந்தா 1.0தான். ப்ரவுசரும் 1.0தான், அதுலயும் க்ரோம் டீம் எக்ஸ்எஸ்எல்டியை எடுத்துடப்போறோம்னு 2025-லயே சொல்லிட்டாங்க, அதனால ப்ரவுசரை நம்பி புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க. சாக்ஸன்னு இன்னொரு ப்ராசசர் இருக்கு, அதோட ஹெச்இ எடிஷன் இலவசம், 3.0 வரைக்கும் வரும். உங்க கைல முடிவு இருந்தா சாக்ஸன் எடுங்க, பாதி கஷ்டம் அங்கயே தீர்ந்துடும். ஆனா பழைய ப்ராஜெக்ட்ல நிறைய எடத்துல 1.0தான் ஓடுது, அதனால ரெண்டுக்கும் சொல்றேன்.

2. சின்ன சாம்பிள் ஃபைல் ஒண்ணு வச்சுக்கோங்க

நிஜ ஃபைல்ல நேரா இறங்காதீங்க. விடையை கையால கூட்டிப் பார்த்து தெரிஞ்சுக்கற அளவுக்கு சின்னதா ஒரு ஃபைல் வேணும். நான் குடுக்கறது இது:

<கடை>
  <பகுதி குறி="வ">வடக்குத் தெரு</பகுதி>
  <பகுதி குறி="தெ">தெற்குத் தெரு</பகுதி>
  <பில் எண்="101" பகுதிக்குறி="வ">
    <பொருள்><பெயர்>அரிசி</பெயர்><விலை>60</விலை><அளவு>5</அளவு></பொருள்>
    <பொருள்><பெயர்>துவரம் பருப்பு</பெயர்><விலை>160</விலை><அளவு>2</அளவு></பொருள்>
  </பில்>
  <பில் எண்="102" பகுதிக்குறி="தெ">
    <பொருள்><பெயர்>நல்லெண்ணெய்</பெயர்><விலை>380</விலை><அளவு>1</அளவு></பொருள்>
    <பொருள்><பெயர்>சர்க்கரை</பெயர்><விலை>45</விலை><அளவு>3</அளவு></பொருள்>
  </பில்>
</கடை>

101-ஆம் பில் 620 ரூபா, 102-ஆம் பில் 515, மொத்தம் 1135. இந்த மூணு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

ஃபைலை யுடிஎஃப்-8ல சேவ் பண்ணுங்க. தமிழ் டேக் வைக்கறவங்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: பொருள்னு அடிக்கும்போது 'பொ'ல வர்ற கொம்பும் காலும் சில கீபோர்டுல ஒரே குறியா விழும், சிலதுல கொம்பு தனி கால் தனினு ரெண்டு குறியா விழும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ப்ராசசருக்கு அது வேற வேற பேரு. டேட்டா ஒருத்தர் அடிச்சு ஸ்டைல்ஷீட் இன்னொருத்தர் அடிச்சா இது கண்டிப்பா ஒரு நாள் கடிக்கும், அதனால டேக் பேரை டேட்டால இருந்து காப்பி பண்ணி ஒட்டுங்க, திரும்ப அடிக்காதீங்க.

3. நேம்ஸ்பேஸ் இருக்கானு பாருங்க

நிஜ டேட்டா ஃபைலைத் திறந்து மேல இருக்கற டேக்ல எக்ஸ்எம்எல்என்எஸ்னு ஒரு அட்ரிபியூட் இருக்கானு பாருங்க. இருந்தா அந்த ஃபைல்ல இருக்கற எல்லா டேகும் ஒரு நேம்ஸ்பேஸுக்குள்ள, அதாவது ஒரு குடும்பப் பேருக்குக் கீழ, போயிடுச்சுனு அர்த்தம், நீங்க வெறும் பில்னு எழுதினா அது எதையும் புடிக்காது. எரரும் வராது. லூப் பூஜ்யம் தடவை சுத்திட்டு வெறும் அவுட்புட் குடுக்கும், நீங்க லூப்லதான் தப்புனு நெனச்சு அதையே மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருப்பீங்க. நான் பார்த்ததுல அதிக நேரம் வீணாப்போறது இதுலதான், அதனாலதான் லூப்புக்கே முன்னாடி வச்சிருக்கேன்.

1.0ல ஸ்டைல்ஷீட்டோட மேல் டேக்ல அதே நேம்ஸ்பேஸுக்கு ஒரு ப்ரிஃபிக்ஸ் குடுத்து, பாதைல ஒவ்வொரு டேக் பேருக்கு முன்னாடியும் அதைப் போடணும், ஒண்ணு விட்டாலும் புடிக்காது. 2.0ல எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்னு ஒரு அட்ரிபியூட் இருக்கு, மேல ஒரு தடவை போட்டா போதும்.

4. வேரியபிளே இல்லாம லூப்பை ஓட விடுங்க

கடைக்கு ஒரு டெம்ப்ளேட் (இந்த டேக் வந்தா இதைப் பண்ணுனு சொல்ற விதி), அதுக்குள்ள ஃபார்-ஈச் (இதுதான் லூப்), செலக்ட்ல பில். உள்ள வேல்யூ-ஆஃப் போட்டு @எண் மட்டும் ப்ரிண்ட் பண்ணுங்க. 101, 102 ரெண்டும் வந்தா அடுத்ததுக்குப் போங்க. வரலனா மூணாவது படிக்குத் திரும்புங்க, இல்ல டெம்ப்ளேட் நிக்கற எடம் என்னனு பாருங்க.

ஃபார்-ஈச் உள்ள நுழைஞ்ச உடனே நீங்க நிக்கற எடம், அதாவது காண்டெக்ஸ்ட், மாறிடும். வெளிய கடை மேல நின்னீங்க, உள்ள ஒவ்வொரு பில் மேலயும் நிக்கறீங்க. அதனால உள்ள பில்/பொருள்னு எழுதினா பில்லுக்குள்ள இன்னொரு பில்லைத் தேடும், கிடைக்காது, வெறும் பொருள்னு எழுதினா போதும். சரி வரலயேனு சிலர் முன்னாடி ஒரு ஸ்லாஷ் போட்டு /கடை/பில்/பொருள்னு முழுப் பாதையும் எழுதிடுவாங்க, அப்போ ஏதோ வரும், ஆனா ஒவ்வொரு சுத்துலயும் அதே விஷயம் திரும்பத் திரும்ப வரும், ஏன்னா ஸ்லாஷ்ல ஆரம்பிச்சா ஃபைலோட உச்சிக்குப் போயிடுது. ஒரே மதிப்பு எல்லா வரிசைலயும் வந்துச்சுனா முதல்ல இந்த ஸ்லாஷைத் தேடுங்க.

வரிசைப்படுத்தணும்னா சார்ட் டேகை ஃபார்-ஈச்சுக்குள்ள முதல் வரியா வைக்கணும், வேற எதாவது அதுக்கு முன்னாடி வந்தா எரர். 1.0ல டேட்டா-டைப்ல நம்பர்னு சொல்லலனா எழுத்தாதான் வரிசைப்படுத்தும், 380-க்கு அப்புறம் 45 வரும். வரிசைப்படுத்தின பிறகு பொசிஷன் ஃபங்ஷன் புது வரிசைப்படி 1, 2, 3னு நம்பர் குடுக்கும், ஆனா ப்ரிஸீடிங்-சிப்லிங்னு கேட்டா அது ஃபைல்ல இருக்கற பழைய வரிசைலதான் முந்தினதைக் குடுக்கும். போன வரிசைல என்ன இருந்துச்சுனு ஒப்பிட்டுப் பாக்கறவங்க இதுல அடி வாங்குவாங்க.

5. இப்போ வேரியபிள், செலக்ட் போட்டு

நேம்ல ஒரு பேரு, செலக்ட்ல ஒரு எக்ஸ்பாத் (டேட்டால எதை எடுக்கணும், என்ன கணக்கு போடணும்னு சொல்ற பாதை). கூப்பிடும்போது முன்னாடி டாலர் குறி: $மொத்தம். நேம் அட்ரிபியூட்ல டாலர் வராது, கூப்பிடற எடத்துலதான் வரும்.

எழுத்து மதிப்பு குடுக்கும்போது உள்ள இன்னொரு கொட்டேஷன் வேணும், அதாவது "'வடக்கு'"னு ரெட்டைக்குள்ள ஒத்தை. அது இல்லாம வடக்குனு மட்டும் போட்டா அந்தப் பேர்ல ஒரு டேகைத் தேடும், இருக்காது, வேரியபிள் காலியாயிடும், எந்த எச்சரிக்கையும் வராது. நம்பருக்கு இந்தத் தொல்லை இல்ல.

கழித்தல் குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடுங்க. பேருக்குள்ள ஹைஃபன் வரலாம்னு விதி இருக்கறதால $வரவு-$செலவுனு ஒட்டி எழுதினா, வரவுக்குப் பக்கத்துல இருக்கற ஹைஃபனும் பேரோட சேர்ந்துடுது, எரர்தான். வகுக்கறதுக்கு ஸ்லாஷ் கிடையாது, டிவ்னு ஒரு சொல் இருக்கு, ஏன்னா ஸ்லாஷ் பாதைக்குப் போயிடுச்சு. சின்னதா இருந்தாங்கற ஒப்பீட்டுக் குறியையும் அட்ரிபியூட்டுக்குள்ள நேரா அடிக்க முடியாது, எக்ஸ்எம்எல் அதைப் புது டேகோட ஆரம்பம்னு எடுத்துக்கும், அதனால ஆம்பர்சாண்ட் எல் டி செமிகோலன்னு எழுதணும், இல்ல ரெண்டு பக்கத்தையும் திருப்பிப்போட்டு பெருசா இருந்தானு கேளுங்க, அந்தக் குறி பிரச்சனை இல்ல.

லூப்புக்குள்ள வேரியபிள் எதுக்குனு கேக்கறவங்களுக்கு நான் காட்டறது இதுதான். ஒவ்வொரு பில்லுக்கும் பகுதியோட முழுப் பேரு வேணும். எல்லாரும் முதல்ல எழுதறது /கடை/பகுதி[@குறி = @பகுதிக்குறி]. ஒண்ணும் வராது. அடைப்புக்குள்ள போன உடனே நீங்க பில் மேல நிக்கல, பகுதி மேல நிக்கறீங்க, பகுதில பகுதிக்குறினு ஒரு அட்ரிபியூட்டே கிடையாது. அதனால லூப்புக்குள்ள முதல் வரிலயே தேடுகுறினு ஒரு வேரியபிள் வச்சு @பகுதிக்குறியை அதுல புடிச்சுக்கோங்க, அப்புறம் /கடை/பகுதி[@குறி = $தேடுகுறி]னு கேளுங்க, வடக்குத் தெரு, தெற்குத் தெரு சரியா வந்துடும். கரண்ட் ஃபங்ஷன் போட்டும் பண்ணலாம், ஆனா ஆறு மாசம் கழிச்சு படிக்கறவங்களுக்கு வேரியபிள் பேருதான் புரியும். எடம் மாறறதுக்கு முன்னாடி கைல புடிச்சு வச்சுக்கறதுதான் இங்க வேரியபிளோட பெரிய வேலை.

6. வேரியபிள் எங்க வரைக்கும் தெரியும்

எந்த டேகுக்குள்ள வச்சீங்களோ அந்த டேக் முடியற வரைக்கும்தான், அதுவும் வச்ச எடத்துக்குக் கீழதான். இதனால வர்ற தப்பு ஒண்ணு: சூஸ் (கண்டிஷன் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறது) போட்டு, வென்-க்குள்ள தள்ளுபடினு ஒரு வேரியபிள், அதர்வைஸ்-க்குள்ள அதே பேர்ல இன்னொரு வேரியபிள், வெளிய வந்து $தள்ளுபடினு கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லனு எரர். திருப்பிப் போடுங்க. வேரியபிள் டேக் வெளிய, சூஸ் அதுக்குள்ள, வென்-க்குள்ள மதிப்பு மட்டும்.

இப்படி செலக்ட் இல்லாம உள்ள எழுதற வேரியபிளுக்கு வேற குணம் உண்டு, அதை மறந்துடாதீங்க. அது வெறும் எழுத்து இல்ல, ஒரு குட்டி மரமா மாறிடும். அதனால உள்ள எதுவுமே விழலனாலும் இஃப் டெஸ்ட்ல $தள்ளுபடினு மட்டும் கேட்டா உண்மைனுதான் வரும், 1.0லயும் சரி 2.0லயும் சரி. காலியா இல்லையானு பாக்க $தள்ளுபடி != ''னு எழுதுங்க.

எல்லா டெம்ப்ளேட்டுக்கும் வெளிய வைக்கற வேரியபிள் எல்லா எடத்துலயும் தெரியும், ஆனா அது ஃபைலோட உச்சில நின்னு கணக்கு போடும், அங்க போய் @எண்னு கேட்டா காலிதான் வரும்.

7. மொத்தம் கூட்டறது

ஒரே டேகோட கூட்டல்னா சம் ஃபங்ஷன் போதும், லூப்பே வேண்டாம். சம்(பில்/பொருள்/அளவு) 11 குடுக்கும். ஆனா நமக்கு வேணுங்கறது விலை பெருக்கல் அளவு. சம்(பில்/பொருள்/விலை) * சம்(பில்/பொருள்/அளவு)னு எழுதி 645ஐ 11ஆல பெருக்கி 7095னு வாங்கிட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். இதுக்குத்தான் 1135னு பேப்பர்ல எழுதி வைக்கச் சொன்னது.

2.0ல ஒரே வரி: சம்(/கடை/பில்/பொருள்/(விலை * அளவு)). முடிஞ்சது.

1.0ல அடைப்புக்குள்ள இப்படிக் கணக்கு போட முடியாது. ரெண்டு வழி இருக்கு, எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும்.

முதல் வழி, தன்னையே கூப்பிடற டெம்ப்ளேட். பேர் வச்ச டெம்ப்ளேட் ஒண்ணு, அதுக்கு ரெண்டு பாரம் (கூப்பிடறவங்க மதிப்பு குடுக்கற வேரியபிள்), மிச்சம்னு ஒண்ணு, இதுவரைனு ஒண்ணு, இதுவரைக்கு ஆரம்ப மதிப்பு 0. உள்ள சூஸ்: $மிச்சம் காலியா இல்லனா, கால்-டெம்ப்ளேட்ல தன்னையே கூப்பிடு, மிச்சத்துக்கு முதல் பொருளை விட்டுட்டு பாக்கி, இதுவரைக்கு பழைய மதிப்போட $மிச்சம்[1]/விலை * $மிச்சம்[1]/அளவு சேர்த்து. காலியாயிடுச்சுனா இதுவரையை ப்ரிண்ட் பண்ணு. மதிப்பு மாறவே மாறாது, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் புதுசா ஒண்ணு பொறக்குது, அவ்வளவுதான். வித்-பாரம்ல பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சா 1.0 வாயே திறக்காது, பாரம் அதோட ஆரம்ப மதிப்புலயே நிக்கும், கூட்டினது எல்லாம் தொலைஞ்சு போயிடும். இன்னொண்ணு, எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ல இந்த மாதிரி உள்ளுக்குள்ள போற ஆழத்துக்கு 3000னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க. சாம்பிள்ல நாலு பொருளுக்கு அழகா ஓடினது, நிஜ ஃபைல்ல நாலாயிரம் பொருள் வந்த அன்னிக்கு நின்னுடும். மேக்ஸ்டெப்த் ஆப்ஷன்ல கூட்டிக்கலாம், ஆனா எத்தனை வரும்னு தெரியாத டேட்டாவுக்கு அதை நம்பி உக்கார முடியாது.

ரெண்டாவது வழி, வரிகள்னு ஒரு வேரியபிள், செலக்ட் இல்லாம, உள்ள ஃபார்-ஈச் போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் <வரி>னு ஒரு டேக்ல விலை பெருக்கல் அளவை எழுதிடுங்க. அதாவது முதல்ல பெருக்கல் முடிஞ்ச ஒரு சின்ன எக்ஸ்எம்எல் தயார் பண்றீங்க, 300, 320, 380, 135னு நாலு வரி. அப்புறம் அதை சம் பண்ணுங்க. 1.0ல அந்த மரத்துக்குள்ள நேரா பாதை போட்டு நுழைய விடாது, இஎக்ஸ்எஸ்எல்டி (1.0-க்கு மேல சேர்க்கற ஃபங்ஷன் தொகுப்பு) நேம்ஸ்பேஸுக்கு ஒரு ப்ரிஃபிக்ஸை மேல சேர்த்து, அந்த ப்ரிஃபிக்ஸோட நோட்-செட் ஃபங்ஷன் வழியாப் போகணும்: நோட்-செட்($வரிகள்)/வரி. எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ல இது இருக்கு. ஆழத்துக்கான வரம்பு இங்க குறுக்க வராது, நடுவுல என்ன கணக்கு ஆச்சுனு ப்ரிண்ட் பண்ணியும் பாக்கலாம், அதுக்காகவே இதைத்தான் சொல்லுவேன். 2.0ல நோட்-செட் தேவையில்ல, நேரா $வரிகள்/வரினு எழுதலாம். ஆனா $வரிகள்[1]னு எழுதினா முதல் வரி வராது, முழு மரமும் வரும், ஏன்னா வேரியபிள்ல இருக்கறது அந்த மரத்தோட உச்சி.

விடை என்ஏஎன்னு (நம்பர் இல்லனு அர்த்தம்) வந்தா டேட்டால எங்கயோ நம்பர் இல்லாத ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் 1,200னு நடுவுல கமா, இல்ல ரூபா குறி, இல்ல காலி டேக். ஒரே ஒரு எடத்துல இருந்தாலும் மொத்தக் கூட்டலும் போயிடும். ட்ரான்ஸ்லேட்(விலை, ',', '')னு கமாவை எடுத்துட்டு அப்புறம் பெருக்குங்க. 2.0 இந்த எடத்துல எரரே குடுத்துடும், அது நல்லதுக்குத்தான். பைசா இருந்தா கடைசில ஃபார்மட்-நம்பர் போட்டு ரெண்டு ஸ்தானத்துக்கு நிறுத்துங்க, 1.0ல எல்லா நம்பரும் டபுள், வாலுல தேவையில்லாத இலக்கம் வந்து ஒட்டும்.

8. பத்து தடவை சுத்து, அவ்வளவுதான்

டேட்டா எதுவும் இல்லாம வெறும் எண்ணிக்கைக்கு லூப் வேணும்னா, 2.0ல ஃபார்-ஈச் செலக்ட்ல 1 டு 10. இதுல ஒரு பொறி இருக்கு, உள்ள நீங்க நிக்கறது ஒரு நம்பர் மேல, ஃபைல் மேல இல்ல. அங்க பில்னு கேட்டா எரர், முன்னாடி ஸ்லாஷ் போட்டாலும் எரர், நம்பருக்கு ஏது உச்சி. லூப்புக்கு முன்னாடியே கடைக்கு ஒரு வேரியபிள் வச்சுக்கிட்டு உள்ள $கடை/பில்[1]னு போங்க. 1.0ல டு கிடையாது, ஏழாவது படில சொன்ன தன்னையே கூப்பிடற டெம்ப்ளேட்தான், நம்பரை ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிட்டு.

9. ஓடிக்கிட்டே வர்ற மொத்தம், நடுவுல நிறுத்தறது

ஃபார்-ஈச்ல நடுவுல நிறுத்தவே முடியாது. ஒரு சுத்தோட விடை அடுத்த சுத்துக்குத் தெரியவும் தெரியாது, ப்ராசசர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கூட பண்ணலாம்னுதான் இதை வடிவமைச்சிருக்காங்க.

3.0ல இட்டரேட்னு ஒண்ணு வந்துச்சு. உள்ள மேல பாரம் வைக்கணும், இதுவரை 0னு. ஒவ்வொரு பில்லுக்கும் அந்தப் பில்லோட தொகையைச் சேர்த்து புது வேரியபிள், ப்ரிண்ட், அப்புறம் நெக்ஸ்ட்-இட்டரேஷன்ல வித்-பாரம் வழியா அதை அடுத்த சுத்துக்கு அனுப்புங்க. 620, 1135னு வரும். ஆயிரத்தைத் தாண்டின பில்லோட நிறுத்தணும்னா ப்ரேக் இருக்கு. நெக்ஸ்ட்-இட்டரேஷன் கடைசி வரியாதான் இருக்கணும், அதுக்குக் கீழ எதாவது எழுதினா ஒத்துக்காது. எல்லாம் முடிஞ்சதும் ஒரு வரி போடணும்னா ஆன்-கம்ப்ளீஷன், அதை பாரத்துக்குக் கீழ, மத்த எல்லாத்துக்கும் மேல வைக்கணும், முடிவுல நடக்கறது மேல இருக்கேனு எல்லாருக்கும் முதல்ல கை தடுமாறும்.

10. உள்ள என்ன நடக்குதுனு பாக்கறது

மெஸேஜ் டேகை லூப்புக்குள்ள போடுங்க, பொசிஷனும் @எண்ணும் வேரியபிளோட மதிப்பும் சேர்த்து. அது அவுட்புட் ஃபைல்ல கலக்காது, டெர்மினல்ல தனியா வரும். வேல்யூ-ஆஃப் போட்டுப் பாக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், 1.0ல அது புடிச்சதுல முதல் டேகை மட்டும்தான் காட்டும், நாலு பொருளோட பெயரையும் புடிச்சிருந்தாலும் அரிசி மட்டும் வரும். 2.0ல நாலும் இடைவெளி விட்டு வரும். அதனால கவுண்ட் ஃபங்ஷன்ல எத்தனை புடிச்சுச்சுனு சேர்த்துப் பாருங்க.

மதிப்பை வெளிய இருந்து குடுக்கணும்னா, உதாரணத்துக்கு எந்தப் பகுதிக்கு ரிப்போர்ட்னு, எல்லா டெம்ப்ளேட்டுக்கும் வெளிய வேரியபிளுக்குப் பதிலா பாரம் வைங்க. எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ல பாரம்னு ஒரு ஆப்ஷன், ஸ்ட்ரிங்பாரம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. முதல் ஆப்ஷன் நீங்க குடுக்கறதை எக்ஸ்பாத்தா எடுத்துக்கும், தெனு குடுத்தா தெங்கற டேகைத் தேடப் போயிடும், அஞ்சாவது படில பார்த்த அதே கொட்டேஷன் பிரச்சனைதான். எழுத்துனா ஸ்ட்ரிங்பாரம் போடுங்க.

எல்லாம் சரியா ஓடினப்புறம் சாம்பிள் ஃபைலை மூணு விதமா கெடுத்து ஓட்டிப் பாருங்க: பில்லே இல்லாத கடை, பொருளே இல்லாத பில், விலை காலியா இருக்கற ஒரு பொருள். இந்த மூணுக்கும் என்ன வரணும்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு ஓட்டுங்க.